தென்னை ஓலையில் செங்கண் பெருந்தாவி

பயிரைத் தின்னும் புழு பகை என்றும், மலரில் தேன் உண்ணும் வண்ணத்துப்பூச்சி அழகு என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயினும் வண்ணத்துப்பூச்சி ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புழுவாயிருந்து, ஏதேனும் ஒரு செடியின் இலையைத் தின்று வளர்ந்ததேயாகும். ஆகவே, இலையில் புழுவைக் கண்டவுடன் நஞ்சைத் தேடி ஓடுவதற்கு முன்னர், அது எந்தப் புழு, அது செய்யும் சேதம் எவ்வளவு, அதனை அடக்கி வைக்கும் இயற்கைப் பகைவர் உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது உழவருக்கு நன்மை தரும். இவ்விடை தெரியாமல் செலவிடும் பணம் பல சமயங்களில் வீண் செலவாகின்றது; சில சமயங்களில் இல்லாத தொல்லையை விலை கொடுத்து வாங்குவதாகவும் முடிகின்றது.

இதற்கு நல்ல உதாரணமாக விளங்குவது தென்னை, ஈச்சை, கூந்தற்பனை முதலிய மரங்களின் ஓலையில் வளர்கின்ற ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சியாகும். நம் கிராமங்களில் அதன் புழுவைக் கண்டோர் சிலர். பறக்கும் பூச்சியைக் கண்டோர் மிகச் சிலர். இரண்டும் ஒன்றே என்று அறிந்தோர் அவரினும் சிலர். அதனை இனங்காணும் முறையையும், அதன் வாழ்க்கைப் பருவங்களையும், வாழிடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவிகள் என்னும் குடும்பம்

தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் காணப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சி நம் மாநிலத்தின் அடையாளப் பூச்சியாக அறிவிக்கப்பட்டதைப் பலரும் அறிந்திருக்கலாம். இவ்வகைகளுள் ஒரு பெரும் பிரிவு தாவிகள் எனப்படும். உலகம் முழுவதிலும் சுமார் 3,500 வகைத் தாவிகள் உள்ளன. இவை மற்ற வண்ணத்துப்பூச்சிகளைப் போல மெல்ல மிதந்து செல்வதில்லை. வில்லினின்று விடுபட்ட அம்பு போல ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குத் தாவிச் செல்கின்றன. ஆதலின் இப்பெயர் பொருத்தமானதே.

தாவிகளைக் காண்போர் அவற்றை அந்துப்பூச்சி என்று எண்ணிவிடுவது வழக்கம். உடல் பருத்தும், நிறம் பெரும்பாலும் பழுப்பாகவும் இருப்பதே இதற்குக் காரணம். இம்மயக்கத்தைத் தீர்க்க உணர்கொம்பைப் பார்த்தல் வேண்டும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல் போலவோ, இறகு போலவோ இருக்கும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் சிறு குமிழ் போலப் பருத்திருக்கும். தாவிகளுக்கோ அந்நுனி பருத்து, பின்னர் தூண்டில் முள் போல வளைந்திருக்கும். இரண்டு உணர்கொம்புகளின் அடிப்பகுதியும் அகன்ற தலையின் இரு புறத்திலும் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருக்கும். இவ்விரண்டு அடையாளங்களும் இருந்தால் அது தாவியே என்று ஐயமின்றிக் கூறலாம்.

செங்கண் பெருந்தாவியின் அடையாளம்

நாம் இங்கே எடுத்துக்கொண்ட தாவி, இந்தியாவிலுள்ள தாவிகள் அனைத்திலும் பெரியது. விரித்த இறக்கையின் அகலம் 7 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 3 அங்குலம் இருக்கும். அறிவியலார் இதனைக் கங்காரா தைர்சிஸ் என்று அழைப்பர். டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரீசியஸ் 1775-ஆம் ஆண்டிலேயே இதனைப் பெயரிட்டு விவரித்துள்ளார். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ‘பெரிய செங்கண்’ என்னும் பொருளுடையது. அதனைத் தழுவி நாம் இதனைச் செங்கண் பெருந்தாவி என்று குறிப்போம்.

இறக்கையின் மேற்புறம் கரும்பழுப்பு நிறமுடையது. முன் இறக்கையின் நடுவே மூன்று பெரிய மஞ்சள் புள்ளிகள் உள்ளன. இப்புள்ளிகளில் செதில்கள் இல்லாமையால், வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் கண்ணாடித் துண்டு போல ஒளி ஊடுருவும். இவையன்றி, அதே இறக்கையின் நுனியை ஒட்டி மூன்று சிறு புள்ளிகளும் உண்டு. இச்சிறு புள்ளிகளை நன்றாக நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இதனை வேறொரு தாவியினின்று பிரித்தறிய இவையே பின்னர் உதவும். இறக்கையின் அடிப்புறத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த பட்டைகள் காணப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் கண்கள் குன்றிமணி போலச் சிவந்திருக்கும்.

பகலில் இது நிழலடர்ந்த இடத்தில் இலைக்கடியில் ஒடுங்கியிருக்கும். விடியற்காலையிலும், மாலையில் பொழுது சாய்ந்த பின்னரும் வெளிவந்து பறக்கும். மாடுகளைத் தொழுவத்தில் கட்டி, விளக்கேற்றும் நேரமே இதன் நேரம். நீண்ட உறிஞ்சுகுழல் உடையதாதலால், குழல் போன்று ஆழமான மலர்களிலிருந்தும் தேனை எடுக்க வல்லது. அந்தி மயங்கும் நேரத்தில் வேகமாகப் பறந்துவிடுவதால், இது வாழும் ஊரில் வாழ்வோரும் இதனைக் கண்டறிவதில்லை.

நான்கு பருவங்கள்

வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் போலவே இதற்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு பருவங்கள் உள்ளன. இவற்றுள் உழவர் கண்ணில் எளிதாகப் படுவது புழுப் பருவமே.

முட்டை: தாய்ப்பூச்சி தன் முட்டைகளை ஓலையின் மேல் ஒட்டி வைக்கும். முட்டை கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவுடையது. ஓலை மேல் சிறு பொட்டு வைத்தாற்போலத் தோன்றும் இதனைத் தேடுவோரே காண்பர்.

புழு: முட்டையினின்று வெளிப்பட்ட இளம் புழு, ஓலை இதழின் ஓரத்தை மடித்து, தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் தைத்து, ஒரு சிறு அறையை அமைத்துக்கொள்ளும். வளர வளர அறையும் பெரிதாகும். முற்றிய புழு, ஓலை இதழின் இரு ஓரங்களையும் ஈர்க்கின் அடிப்பக்கமாக இழுத்துச் சேர்த்தோ, அடுத்துள்ள இதழையும் இணைத்தோ, நீண்ட குழல் போன்ற வீட்டைக் கட்டிக்கொள்ளும். பகல் முழுவதும் அதனுள் தங்கி, பெரும்பாலும் இரவில் வெளிவந்து தின்னும்.

இக்குழலைப் பிரித்துப் பார்ப்போர் முதலில் திடுக்கிடுவர். சுமார் 2 அங்குல நீளமுள்ள செந்நிறப் புழுவொன்று, உடல் முழுவதும் வெண்மையான நீண்ட இழைகள் தொங்க, பஞ்சுப் பொதி போலக் கிடக்கும். இதனைச் சிலர் கம்பளிப்பூச்சி என்று அஞ்சுவர்; சிலர் மாவுப்பூச்சி என்று கருதுவர். இரண்டும் தவறு. கம்பளிப்பூச்சியின் மேலிருப்பது மயிர். அது தோலிற் பட்டால் அரிக்கும். இப்புழுவின் மேலிருப்பதோ மெழுகு. விரலால் தொட்டால் இழை உடைந்து வெண்பொடியாகக் கையில் ஒட்டிக்கொள்ளும், அரிப்பு உண்டாவதில்லை. மாவுப்பூச்சியோ கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவது. ஓலையைச் சுருட்டித் தைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

தாவிக் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றிடம் ஒரு விந்தையான பழக்கம் உண்டு. அவை தம் கழிவை வீட்டிற்குள் தங்கவிடாமல் வெகு தொலைவிற்கு வீசி எறிந்துவிடும். கழிவின் மணத்தைக் கொண்டு வேட்டையாடும் குளவிகள் புழுவின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதே இதற்குக் காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் இந்தப் புழுவுக்குச் சுகாதாரம் உயிர்ப் பிரச்சினையாகும்.

கூட்டுப்புழு: முழு வளர்ச்சி அடைந்த புழு, தீனியை நிறுத்திவிட்டு, அதே ஓலைக் குழலினுள் கூட்டுப்புழுவாக மாறும். இதன் மேலும் வெண்பொடி படிந்திருக்கும். வரப்போகும் பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழலுக்குரிய உறை இதன் அடிப்புறத்தில் தெளிவாகத் தெரியும். இந்நிலையில் குழலை யாரேனும் அசைத்தால், கூட்டுப்புழு உள்ளே வேகமாக உதறிக்கொள்ளும். காய்ந்த ஓலையின் மேல் உடல் மோதுவதால் கலகலவென்று ஓசை எழும். எங்கள் வட்டாரத்தில் தென்னை ஏறும் முதியவர் ஒருவர், ‘ஓலைச் சுருளுக்குள் பாம்புக்குட்டி இருக்கிறது, ஐயா! கை வைத்தால் சீறுகிறது’ என்று என்னிடம் கூறியதுண்டு. சுருளை அறுத்து வரச் செய்து, அவர் எதிரிலேயே பிரித்துக் காட்டினோம். உள்ளேயிருந்தது விரல் நீளக் கூட்டுப்புழுவே. பகைவரை மிரட்டி விரட்டுவதற்கு அதனிடம் உள்ள ஒரே கருவி இவ்வோசைதான்.

பூச்சி: கூட்டுப்புழுவின் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும் பூச்சி, ஈரமான இறக்கைகளை விரித்து உலர்த்திய பின்னர், ஏற்ற நேரத்தில் பறந்து செல்லும். பின்னர் ஆணும் பெண்ணும் கூடி, பெண் மீண்டும் ஓலையைத் தேடி முட்டையிடும்.

இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுப் பருவங்களைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி, பொறுமையுடன் புழுக்களை வளர்த்துப் பார்த்தவர்களால் கிடைத்ததாகும். வட கன்னடக் காடுகளில் வனத்துறை அதிகாரியாகப் பணியாற்றிய டி. ஆர். டி. பெல் என்பவர் இவ்வாறு நூற்றுக்கணக்கான புழுக்களை வளர்த்து, தாம் கண்டவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1909 முதல் தொடர்ச்சியாக எழுதி வந்தார். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

வாழிடம்

செங்கண் பெருந்தாவி தென்னிந்தியாவிலும், இலங்கையிலும், கிழக்கு இமயமலை அடிவாரம் முதல் மியான்மர், மலேயா, பிலிப்பைன்ஸ் வரையிலும் காணப்படுகின்றது. நல்ல மழையும் நிழலும் உள்ள இடமே இதற்கு உகந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான சரிவுகளிலும், அடிவாரத்து ஓடைக் கரைகளிலும், அவற்றை அடுத்த தென்னந்தோப்புகளிலும் இதனைத் தேடலாம். காட்டில் இதற்கு உணவாவன கூந்தற்பனையும், ஈச்சையும், பிரம்பும். இவற்றின் இனத்தைச் சேர்ந்ததே தென்னையுமாதலால், காட்டோரத்துத் தோப்புகளுக்கும் இது வந்து சேர்கின்றது. வாழை இலையிலும் இது வளர்ந்ததாகக் குறிப்புகள் உண்டு.

இங்கே ஊராட்சிகள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஓடைக் கரையிலும், புறம்போக்கிலும் தானாக வளர்ந்த ஈச்சம் புதரையும் கூந்தற்பனையையும் பயனற்றவை என்று வெட்டிச் சாய்த்துவிட்டால், காட்டோரத்தில் இப்பூச்சிக்கு இருந்த வீடு போய்விடும். வெட்டவெளியான வறண்ட தோப்பில் மட்டும் இது நிலைத்து வாழ்வது அரிது. கரையின் மண்ணைப் பிடித்து வைப்பதற்கும் இப்புதர்கள் உதவுகின்றன என்பதை உறுப்பினர்கள் அறிவர்.

சேதம் எவ்வளவு?

நன்கு வளர்ந்த தென்னை மரத்தின் கொண்டையில் 30 முதல் 40 மட்டைகள் இருக்கும். ஒரு மட்டையில் 200-க்கு மேற்பட்ட ஓலை இதழ்கள் உண்டு. ஆக, ஒரு மரத்தில் மட்டும் குறைந்தது 6,000 இதழ்கள் உள்ளன. ஒரு புழு தன் வாழ்நாள் முழுவதும் தின்பதும் மடிப்பதும் அவற்றுள் சில இதழ்களே. கொண்டையில் ஐந்தாறு சுருள்கள் தென்படுவதால் காய்ப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

விலக்கு ஒன்று உண்டு. நாற்றங்காலில் உள்ள தென்னம்பிள்ளைக்கு இலைகளே சில. அங்கே புழு கண்டால் சுருளைக் கையால் கிள்ளி எடுத்துவிடுவது முறையே. பிள்ளை உயரம் குறைவாயிருப்பதால் இவ்வேலைக்குச் செலவும் இல்லை, நஞ்சும் வேண்டுவதில்லை.

இப்பூச்சி பெருகாமலிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. முட்டைக்குள் தம் முட்டையை இடும் நுண்ணிய குளவிகளும், புழுவின் உடலிலும் கூட்டுப்புழுவின் உடலிலும் வளரும் வேறு குளவிகளும் ஈக்களும் இதனைத் தொடர்ந்து தேடிக்கொண்டேயிருக்கின்றன. இவற்றை ஒட்டுண்ணிகள் என்கிறோம். எறும்புகளும் பறவைகளும் தம் பங்கைச் செய்கின்றன. சம்பளமின்றி நம் தோப்பில் பணிபுரியும் இக்காவலர்கள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் நஞ்சைத் தெளிக்கும்போது முதலில் மடிவது இவையே. ஓலைச் சுருளுக்குள் பாதுகாப்பாக இருக்கும் புழு பிழைத்தாலும் பிழைக்கும். வெளியே சுற்றித் திரியும் குளவி பிழைப்பதில்லை.

வாழைக்கு வந்த உறவினன்

தென்னையில் காணும் இத்தாவிக்கு ஓர் உறவினன் உண்டு. எரியோனோட்டா டோரஸ் எனப்படும் அதனை வாழைத் தாவி என்று அழைக்கலாம். வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கப்பாலும் வாழ்ந்து வந்த இது, 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் கேரளம் முதலிய தென்னிந்தியப் பகுதிகளின் வாழைத் தோட்டங்களில் பெருமளவில் தோன்றியது. இதுவும் பெரியது, பழுப்பு நிறமுடையது, செங்கண் உடையது, அந்தியில் பறப்பது. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது.

இரண்டையும் பிரித்தறியும் முறை இது. வாழைத் தாவியின் முன் இறக்கையிலும் மூன்று பெரிய மஞ்சள் புள்ளிகள் உண்டு. ஆனால் நுனியை ஒட்டிய மூன்று சிறு புள்ளிகள் அதற்கில்லை. அதன் புழு வெளிர்பச்சை நிறமுடையது. மேலே வெண்பொடி பூசினாற்போல இருக்குமேயன்றி, நீண்ட இழைகள் தொங்குவதில்லை. அது வாழை இலையின் ஓரத்தைக் கீறி, கிழிந்த பகுதியைச் சுருட்டிச் சுருட்டி, பீடி போன்ற உருளையாக்கி அதனுள் தங்கும். இலை முழுவதும் இவ்வாறு பல உருளைகள் தொங்கினால், நடுநரம்பு மட்டும் எஞ்சி நிற்பதும் உண்டு. வாழை இலையையே விற்றுப் பிழைப்பவருக்கு இது உண்மையான இழப்பாகும்.

இத்தகைய இழப்பை எதிர்கொண்ட நாடொன்றின் அனுபவம் நமக்குப் பயன்படும். பப்புவா நியூ கினி நாட்டிற்குள் வாழைத் தாவியின் நெருங்கிய இனம் ஒன்று 1983-ஆம் ஆண்டு வாக்கில் நுழைந்து பரவியது. அங்குள்ள மக்களுக்கு வாழை முக்கிய உணவு. அந்நாட்டினர் ஆஸ்திரேலிய அறிஞர்களின் உதவியுடன், 1990-ஆம் ஆண்டில் குவாம் தீவிலிருந்து கொட்டீசியா எரியோனோட்டே என்னும் சிறு குளவியைக் கொணர்ந்து விட்டனர். அக்குளவி அத்தாவியின் புழுவினுள் முட்டையிட்டுப் பெருகியது. சில ஆண்டுகளில் தாவியின் தொல்லை பெரிதும் அடங்கிவிட்டது. தோட்டந்தோறும் ஆண்டுதோறும் நஞ்சு தெளித்திருந்தால் ஆகியிருக்கும் செலவை எண்ணிப் பார்த்தால், குளவியின் அருமை விளங்கும்.

ஆகவே வாழையில் உருளைகள் தென்பட்டால் முதற்கடமை அவற்றைக் கையால் பறித்தெடுப்பதே. தோட்டக்கலைத் துறை அலுவலருக்குத் தெரிவித்து, அவர் யோசனையின்படி மேற்கொண்டு நடப்பது நலம்.

உண்மைப் பகைவரை மறவற்க

செங்கண் பெருந்தாவியைக் கண்டு வீணே அஞ்சுவது எவ்வளவு தவறோ, தென்னையின் உண்மைப் பகைவரைக் கவனியாது விடுவதும் அவ்வளவு தவறாகும். அவற்றின் அடையாளங்கள் வேறு.

மட்டைகள் விசிறியின் ஓரத்தைக் கத்தரித்தாற்போல வெட்டுப்பட்டிருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. தண்டில் துளையும், அதினின்று பழுப்பு நிறச் சாறும் வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே புகுந்துள்ளது என்று கொள்ள வேண்டும். ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் கழிவும் கலந்த நீண்ட பாதைகள் படர்ந்து, தோப்பே தீயில் கருகினாற்போலத் தோன்றினால் அது கருந்தலைப் புழு. இதனை அடக்குவதற்குங்கூடக் கோனியோசஸ், பிரக்கான் எனப்படும் ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்துத் தோப்பில் விடும் முறை நம் மாநிலத்தில் நெடுநாளாகக் கையாளப்பட்டு வருகிறது.

2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் தோன்றி, பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவிய சுருள் வெள்ளை ஈயை உழவர்கள் மறந்திருக்க முடியாது. ஓலையின் அடியில் வெண்ணிற மெழுகுச் சுருள்களும், கீழுள்ள ஓலைகளின் மேல் கரிப்பூஞ்சையும் படிவது அதன் அடையாளம். அதனை எதிர்க்க வேளாண் அறிஞர்கள் கூறிய முதல் யோசனையே, கண்டபடி நஞ்சைத் தெளிக்கவேண்டாம் என்பதாகும். என்கார்சியா என்னும் மிகச்சிறு குளவி அவ்வீயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. நஞ்சு தெளித்த தோப்பில் அக்குளவி நிலைப்பதில்லை. வெள்ளை நிறத்தைக் கண்டு மருண்டு, செங்கண் பெருந்தாவிப் புழுவுக்காகத் தோப்பில் நஞ்சைத் தெளிக்கும் ஒருவர், அவ்வீயை அடக்கி வைத்திருக்கும் என்கார்சியாவையும் சேர்த்து அழித்துவிடுகிறார். ஒரு தொல்லையும் இல்லாத இடத்தில் பெருந்தொல்லைக்கு வழி திறப்பது இவ்வாறுதான்.

மேலும், தென்னைக்கு வேர் வழியாக மருந்து கட்டும் வழக்கமும் உண்டு. மருந்து கட்டிய மரத்தில், மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்துள்ள காலம் கடக்கும்வரை காயோ இளநீரோ பறித்தல் கூடாது. வீட்டுக் குழந்தைகள் குடிக்கும் இளநீர் அது. இன்றியமையாத தேவையின்றி இவ்வழியில் இறங்குவது எவ்வாற்றானும் தகாது.

கண்ணாடிச் சீசாச் சோதனை

தம் தோப்பில் காவலர்கள் உள்ளனரா என்பதைத் தாமே அறிந்துகொள்ள உழவர் ஒவ்வொருவராலும் இயலும். பள்ளி ஆசிரியர் துணையுடன் மாணவர்களைக் கொண்டும் இதனைச் செய்யலாம். முறை வருமாறு:

1. மட்டை வெட்டும்போது கிடைக்கும் ஓலைச் சுருள்கள் ஐந்தாறை, பிரிக்காமல் சற்று நீளமாக நறுக்கி எடுத்துக்கொள்க.

2. ஒவ்வொரு சுருளையும் தனித்தனி அகன்ற வாய்ச் சீசாவில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுக. துணி நெருக்கமான நெசவுடையதாக இருத்தல் வேண்டும். நுண்ணிய குளவி சிறு இடுக்கிலும் தப்பிவிடும்.

3. சீசாவை வெயில் படாத இடத்தில் வைக்க. எறும்பு ஏறாமலிருக்க நீர் ஊற்றிய தட்டின் நடுவே வைப்பது நலம்.

4. உள்ளே புழு இருந்தால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை புதிய ஓலைத் துண்டு இட்டு, காய்ந்ததை அகற்றுக. கூட்டுப்புழுவாயின் தீனி வேண்டுவதில்லை.

5. ஓலை சுருண்ட மரம், எடுத்த நாள், வெளிவந்தது எது, வெளிவந்த நாள் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக.

பூச்சி வெளிவந்தால் அதன் இறக்கைப் புள்ளிகளை எண்ணிப் பார்த்து, மாலையில் பறக்கவிடலாம். குளவியோ ஈயோ வெளிவந்தால் சீசாவைத் தோப்பிற்கே எடுத்துச் சென்று திறந்துவிட வேண்டும்; அவை நம் காவலர்கள். ஐந்தாறு சீசாக்களில் ஒன்றிரண்டில் குளவி வெளிப்பட்டாலும், அத்தோப்பில் இயற்கையின் காவல் நடைபெறுகிறது என்பது உறுதியாகும். நஞ்சு வாங்கக் கடைக்குச் செல்வதற்கு முன்னர் இவ்வளவு பொறுத்திருப்பதால் தென்னை மரத்திற்கு ஒரு கேடும் வந்துவிடாது.

ஊராட்சியின் பங்கு

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். தன் எல்லைக்குள் உள்ள மரம், செடி, விலங்கு, பறவை, பூச்சி ஆகியவற்றையும், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அக்குழுவின் கடமைகளுள் ஒன்று. இப்பதிவேட்டை ஏதோ மேலிடத்திற்கு அனுப்பவேண்டிய படிவம் என்று கருதி, ஒரே நாளில் நிரப்பி முடிப்பதால் யாருக்கும் பயனில்லை.

மேலே கூறிய குறிப்பேடு இப்பதிவேட்டிற்கு நல்ல தொடக்கமாகும். எந்த ஓடைக் கரையில் ஈச்சையும் கூந்தற்பனையும் நிற்கின்றன, எந்தத் தோப்பில் ஓலைச் சுருள் கிடைத்தது, எந்த மாதத்தில் பூச்சி பறந்தது, எத்தனை சுருளில் குளவி வெளிவந்தது என்பவற்றை ஆண்டுதோறும் எழுதி வந்தால், அவ்வூர் உழவர்க்கு அது மதிப்பிற்குரிய ஆவணமாகும். ஓலைச் சுருள்கள் திடீரென்று பெருகிய ஆண்டு எது, அதற்கு முன்னர் தோப்புகளில் என்ன தெளிக்கப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். தென்னை ஏறும் தொழிலாளர்களையும், ஆடு மேய்ப்போரையும், மலையோரத்தில் வாழும் மக்களையும் கேட்டறிந்து எழுதுவது அவசியம். ஓலைச் சுருளின் ஓசையை முதலில் கேட்டவர் மரத்தின் உச்சியில் இருந்தவரேயன்றி, அலுவலகத்தில் இருந்தவர் அல்லர்.

ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். கிராம சபையில் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது, அடையாளம் தெரியாத புழுவுக்கு நஞ்சு தெளிக்கவேண்டாம் என்று எடுத்துரைக்கலாம். ஊரில் சுருளோ, புதுமையான புழுவோ கிடைத்தால் அதனைச் சீசாவில் இட்டு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் காட்டும் பழக்கத்தை உண்டாக்கலாம். ஓடைப் புறம்போக்கில் தானே வளர்ந்த ஈச்சையையும் கூந்தற்பனையையும் தூர்வாரும் பணியின்போது தேவையின்றி வேரோடு அகற்றாமல் காக்கலாம். இம்மூன்றுக்கும் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டுவதில்லை.

பூச்சி ஒன்று அரிதாக இருப்பதும், அது பயிருக்குத் தொல்லை செய்யாதிருப்பதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் விளைவன. தோப்பில் அதன் பகைவர்கள் உயிரோடிருக்கின்றன என்பதே அக்காரணம். ஆகவே, அந்தி நேரத்தில் தென்னந்தோப்பில் செங்கண் பெருந்தாவி ஒன்று பறக்கக் கண்டால், அதனைப் பயிருக்கு வந்த ஆபத்தாகக் கருதவேண்டுவதில்லை. தோப்பின் காவல் ஒழுங்காக நடைபெறுகிறது என்பதற்குரிய அடையாளமாகக் கொண்டு, அந்நாளைக் குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக.